காலடி கேட்கும் ஹெட்போன்

அன்று சாந்தினி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவள் கணவன் யோகேந்திரன் காதுக்குள் நல்லெண்ணெய் விட்டுக்கொண்டு சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். காது வலியா என்று கேட்டாள். வலி இல்லையாம், காது போய்விட்டதாம். நாற்பத்திரண்டு வயதிலேயே இப்படி ஆகும் என்று தான் நினைக்கவே இல்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

யோகேந்திரன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். காலையில் மெர்போக் பக்கத்துப் பிள்ளைகளைச் சுங்கைப் பட்டாணி நகரத்துப் பள்ளியில் இறக்கிவிட்டால், மத்தியானம் அவர்களைத் திரும்ப ஏற்றும்வரை அவனுக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து சுடும் விளையாட்டு ஆடுவான். மூன்று பேருக்கு மூன்று பேர் மோதும் ஆட்டம் அது. அவன் அணியில் மற்ற இரண்டு பேர், சுங்கை லாலாங் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்க்கும் ஐமனும், ஐமனின் தங்கை அஃபிராவும். அஃபிரா டியூஷன் டீச்சர். பிள்ளைகளிடம் மெதுவாகப் பேசுகிறவள், ஆட்டத்தில் மட்டும் ஈவு இரக்கமே காட்டமாட்டாள். இரண்டு வருடமாக மூவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். இன்னும் மூன்று வாரத்தில் சுங்கைப் பட்டாணிப் பேரங்காடி ஒன்றில் போட்டி, பெயரும் கொடுத்தாகிவிட்டது.

அந்த ஆட்டத்தில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். சுவருக்கு அந்தப் பக்கம் எதிரி நடந்து வரும் ஓசையை எவன் முதலில் கேட்கிறானோ அவன் பிழைப்பான். யோகேந்திரனுக்கோ ஒரு மாதமாக ஓசை இடது பக்கம் கேட்கிறது, எதிரி வலது பக்கம் வந்து நிற்கிறான். அன்று காலை மட்டும் ஒன்பது முறை முதுகில் சுடப்பட்டுச் செத்திருந்தான். அஃபிரா கடைசியில் பொறுமை இழந்து, "அண்ணே, உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?" என்று கேட்டுவிட்டாளாம். அதுதான் நல்லெண்ணெய்.

சாந்தினிக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டாள். காது விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தெரியும். ஒலிப்பெருக்கி செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக அவள் வேலையே கேட்பதுதான். நுரைப்பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்திருப்பாள். இயந்திரம் சந்தேகப்பட்டு ஒதுக்கிய ஒலிப்பெருக்கிகள் ஒவ்வொன்றாக அவளிடம் வரும். அடித்தொண்டை உறுமலில் தொடங்கிக் குருவிக் கீச்சுவரை ஏறும் ஒரே ஒரு ஓசையை அதில் ஓடவிட்டு, நடுவில் எங்கேயாவது நடுங்குகிறதா, இரைகிறதா என்று கேட்பாள். சந்தேகம் வந்தால் சிவப்புப் பொத்தான், அவ்வளவுதான்.

அவனை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைத் துணியால் கட்டினாள். டம்ளரையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் மூலைக்கு மூலை நின்று தட்டினாள். அவன் கையை நீட்டிக் காட்டிய திசை ஒருமுறைகூடத் தப்பவில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று மெல்லத் தட்டியதைக்கூடச் சரியாகக் காட்டினான்.

"உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. எண்ணெயத் தொடைங்க," என்றாள். "அந்த ஹெட்போனக் குடுங்க பாப்போம்."

போன மாதம் தள்ளுபடியில் வாங்கிய ஹெட்போன் அது. இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு எரியும். ஏழு திசையிலிருந்தும் ஒலி வரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பழைய ஹெட்போனை அவன் அப்போதே யாருக்கோ கொடுத்துவிட்டான். சாந்தினி அதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே உள்ளே ஒரு கொசு பாடிக்கொண்டிருந்தது. மவுஸை நகர்த்தினால் கொசுவின் குரல் மாறியது. ஆட்டம் தொடங்கியதும் குண்டுச் சத்தம் கனத்த போர்வைபோல எல்லாவற்றையும் மூடியது. அந்தப் போர்வைக்கு அடியில் யாரோ நடக்கிறார்கள் என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. தொழிற்சாலையாக இருந்திருந்தால் மூன்றாவது வினாடியில் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருப்பாள்.

"இத வச்சுக்கிட்டு நீங்க இவ்வளவு நாள் ஆடினதே பெரிசு," என்றாள். யோகேந்திரன் முகத்தில் ஒரே நேரத்தில் நிம்மதியும் வருத்தமும் தெரிந்தன. காது பிழைத்தது. ஆனால் அந்தச் சிவப்பு விளக்கு அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை இருவரும் முகம்மது ஹனீபாவின் கணினிக் கடைக்குப் போனார்கள். ஹனீபாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வருகிறவர் கேட்பதற்கு முன்பே அவருக்கு என்ன வேண்டும் என்று தானே முடிவு செய்துவிடுகிற வியாபாரி. ஹெட்போனோடு, கணினியின் ஒலியை அதற்கு அனுப்பும் சவுண்ட் கார்டு ஒன்றும் வேண்டும் என்றதும், கணினிக்குள்ளே பொருத்துகிற பெரிய அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். அதிலும் விளக்கு எரிந்தது. யோகேந்திரன் கை நீளுவதற்குள் சாந்தினி குறுக்கிட்டாள். கணினிப் பெட்டிக்குள் இருக்கும் மின்விசிறியும் மற்றதும் சேர்ந்து செய்கிற மின் இரைச்சல்தான் அந்தக் கொசு. அதே பெட்டிக்குள் இன்னொன்றை வைத்தால் கொசு அங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். வெளியே வைத்துச் சொருகுகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டாள்.

"இருக்கும்மா. ஆனா கட்டை விரல் அளவுதான் இருக்கும். பாக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது," என்றார் ஹனீபா.

"பாக்கறதுக்கா வாங்குறோம், பாய்?"

ஹனீபா அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இழுப்பறையிலிருந்து அந்தச் சின்னதை எடுத்துக் கொடுத்தார்.

ஹெட்போன் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பெட்டியைப் பிரித்துக் காட்டமுடியாது என்றார் அவர். கேட்காமல் வாங்கமுடியாது என்றாள் இவள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மரியாதையாகவே பிடிவாதம் பிடித்தார்கள். கடைசியில் ஹனீபா இறங்கிவந்து, காட்சிக்கு வைத்திருந்த ஏழு ஹெட்போன்களை மேசைமேல் பரப்பினார். சாந்தினி தன் கைப்பேசியில் அந்த உறுமலிலிருந்து கீச்சுக்கு ஏறும் ஓசையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றினாள். ஒன்றில் அடிச்சத்தம் அதிகம். ஒன்று மேலே போகப் போகக் கத்தியது. கடையிலேயே விலை கூடிய ஒன்றை மாட்டியவள், இடது பக்கம் சத்தம் ஒரு நூல் கம்மி என்றாள். ஹனீபா நம்பவில்லை. தானே போட்டுப் பார்த்தார், திருப்பிப் போட்டுப் பார்த்தார், மறுபடி நேராகப் போட்டார். பிறகு அதைப் பெட்டிக்குள் வைத்துப் பின்பக்கம் கொண்டுபோனார். திரும்பி வரும்போது பக்கத்துக் கடையில் மூன்று கோப்பி சொல்லிவிட்டு வந்தார்.

ஆறாவதாக எடுத்தது சாம்பல் நிறத்தில் இருந்தது. விளக்கும் கிடையாது, படமும் கிடையாது, காதுப் பகுதியின் வெளிப்புறத்தில் மெல்லிய கம்பி வலை மட்டும். அதை மாட்டியதும் சாந்தினிக்கு அறைக்குள் ஜன்னலைத் திறந்துவிட்டது போலிருந்தது. ஒவ்வொரு ஓசையும் தனித்தனியாகத் தன் இடத்தில் நின்றது.

"இதான்," என்றாள்.

யோகேந்திரன் அதை மாட்டிக் கடைக் கண்ணாடியில் பார்த்தான். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன் மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தான். இருந்தாலும் வாங்கினார்கள். அவன் பயந்ததைவிட விலையும் குறைவுதான்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தினி கணினியில் ஏழு திசை ஒலி, அடிச்சத்தக் கூட்டல் என்று இருந்ததையெல்லாம் அணைத்தாள். மனுஷனுக்குக் காது இரண்டுதான், இரண்டுக்கும் நேராக வந்தால் போதும் என்றாள். அன்று சாயங்காலம் யோகேந்திரன் ஆடியபோது பின்னால் நின்று பார்த்தாள். முதல் சுற்றிலேயே அவன் சட்டென்று திரும்பி, கதவு திறப்பதற்கு முன்பே சுட்டான். "படிக்கட்டுல ரெண்டு பேரு, மேல ஏறுறானுங்க," என்று மைக்கில் சொன்னான். இரண்டு பேர் ஏறி வந்தார்கள். மறுநாளே ஐமன் போன் செய்து, "அக்கா, அண்ணே என்ன சாப்பிடுறாரு, எங்களுக்கும் சொல்லுங்க லா," என்றான். அந்த வாரத்துக்குள் மூன்று பேரிடமும் அதே சாம்பல் ஹெட்போன், அதே கட்டை விரல் கார்டு.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. எட்டு அணிகள், இரண்டு தடவை தோற்றால் வெளியே. ஐமன் காலை ஷிப்ட் முடித்து ஆலை உடுப்போடு நேராக மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். மூன்றாம் மாடி மண்டபத்துக்குள் நுழைந்ததுமே சாந்தினி காதைப் பொத்திக்கொண்டாள். நாலு பக்கமும் ஒலிப்பெருக்கி. அறிவிப்பாளர் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு கத்தினார். ஒவ்வொரு அணிக்கும் கூட்டாளிகள் வந்து பாட்டிலைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள்.

முதல் ஆட்டத்தில் இவர்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். மேடையிலிருந்து இறங்கிய யோகேந்திரன், எதிரி நடப்பது கேட்கவே இல்லை, அறிவிப்பாளர்தான் காதுக்குள் நடக்கிறார் என்றான்.

சாந்தினிக்கு உடனே புரிந்தது. ஜன்னலைத் திறந்ததுபோல் இருந்ததே, அந்த ஜன்னல் இங்கேயும் திறந்துதான் இருந்தது. அந்தக் கம்பி வலை வழியாக மண்டபம் முழுவதும் உள்ளே வந்துவிட்டது. பதினான்கு வருடமாகச் சத்தமில்லாத அறைக்குள் உட்கார்ந்து கேட்டவளுக்கு, சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து கேட்கவேண்டியவர்கள் இருப்பார்கள் என்று தோன்றவே இல்லை. முகம் சூடாகிவிட்டது.

"தப்பு என்னோடது," என்றாள் மூவரிடமும். "வீட்டுக்கு ஏத்தத எடுத்துக் குடுத்துட்டேன். இந்த இடத்த நெனைக்கவே இல்ல."

அஃபிரா, பரவாயில்லை அக்கா, இன்னொரு ஆட்டம் இருக்கிறது என்றாள். ஆனால் அவள் குரலில் நம்பிக்கை இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. ஐமன் தண்ணீர் குடித்துவிட்டு, ஆலைக்குள்ளேயே இவ்வளவு சத்தம் கேட்காது என்று அலுத்துக்கொண்டான். ஆலையில் கொதிகலன் பக்கத்தில் நிற்கிறவனுக்கு எப்படிக் கேட்காமல் இருக்கும் என்று சாந்தினி கேட்டாள். காதை மூடுகிற கவசம் போட்டுக்கொள்வோமே என்றான் அவன். மோட்டார் பெட்டியில்தான் கிடக்கிறதாம்.

"எடுத்துட்டு வா," என்றாள்.

அவன் கொண்டுவந்த மஞ்சள் கவசத்தை அவள் மாட்டிப் பார்த்தாள். அறிவிப்பாளர் எங்கேயோ பக்கத்து ஊருக்குப் போய்விட்டார். அதற்குள்ளே ஹெட்போன் நுழையாது. ஆனால் காதுக்குள் சொருகுகிற சின்ன இயர்போன் என்றால் அதன் மெல்லிய ஒயர் கவசத்துக்கு அடியில் சுலபமாகப் போகும். யோகேந்திரன் கீழ்த்தளத்து இரும்புச் சாமான் கடைக்கு ஓடி இன்னும் இரண்டு கவசம் வாங்கினான். சாந்தினியும் அஃபிராவும் கைப்பேசிக் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரப் பெண் விலை கூடியதையே காட்டிக்கொண்டிருக்க, சாந்தினி கைப்பேசியில் தன் ஓசையை ஓடவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாலாவது இயர்போனில் அடிச்சத்தம் அடங்கியிருந்தது, காலடி எழும்பும் இடம் தெளிவாக இருந்தது. பாசாரில் வெண்டைக்காய் விற்கிற விலைதான். அதில் மூன்று எடுத்துக்கொண்டார்கள்.

நடுவர் ஓர் இளம்பெண். கவசத்தை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, உள்ளே ஒளித்துவைத்த ஒயர் கியர் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்றாள். மஞ்சள் கவசத்தோடு மூவரும் மேடை ஏறியதும் மண்டபமே சிரித்தது. மரம் வெட்ட வந்திருக்கிறார்களா என்று அறிவிப்பாளர் மைக்கில் கேட்டார். மூவருக்கும் அது கேட்கவில்லை. அதைப் பார்த்துச் சாந்தினி அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

இரண்டாவது ஆட்டத்தில் ஆறு நிமிடத்துக்குள் எல்லாருடைய சிரிப்பும் நின்றுவிட்டது. அஃபிரா ஒரு மூலையில் அசையாமல் நின்று, சுவருக்குப் பின்னால் வந்த மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராக வீழ்த்தினாள். அதை ஜெயித்தார்கள், அடுத்ததையும் ஜெயித்தார்கள், அதற்கடுத்ததையும் ஜெயித்தார்கள். அதற்குள் முன்வரிசையில் இருந்தவர்கள் இவர்களுக்காகப் பாட்டிலைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். கடைசியில் பினாங்குக் கல்லூரிப் பிள்ளைகளிடம் தோற்றார்கள். அது காதுக் குறையால் இல்லை. அந்தப் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான். யோகேந்திரனே போய்க் கைகுலுக்கினான். அந்த அணித் தலைவி, அந்தக் கவசத்தை எங்கே வாங்கினீர்கள் என்று அவனிடம் விசாரித்தாள்.

மூன்றாம் இடம். பரிசுக் கோப்பையை ஐமன் ஆலை உடுப்போடு தூக்கிப் பிடிக்க, அஃபிரா படம் எடுத்தாள். பிறகு நாலு பேரும் கீழே இறங்கிச் சாப்பிடப் போனார்கள். மீ கோரெங் வருவதற்குள்ளேயே அடுத்த போட்டியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. டிசம்பரில் அலோர் ஸ்டாரில் நடக்கிறதாம், பதினாறு அணிகளாம். ஐமன் இப்போதே பெயர் கொடுக்கலாம் என்றான். அஃபிரா அந்த வாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சையா என்று கைப்பேசியில் தேதி பார்த்தாள். யோகேந்திரன் வேனை யாரிடம் விடுவது என்று யோசித்தான்.

"பேரெல்லாம் குடுங்க," என்றாள் சாந்தினி, மிளகாயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியபடி. "அதுக்கு முன்னாடி அந்த ஹால நான் ஒருக்கா போய்ப் பாக்கணும். கூரை என்ன கூரை, ஸ்பீக்கர் எங்க வைக்கிறாங்கன்னு தெரியாம நான் எதையும் எடுத்துக் குடுக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிறே போகலாம் என்றான் யோகேந்திரன். வேனிலேயே போகலாம், எல்லாருக்கும் இடம் இருக்கிறது.