வெள்ளை வயர்

ஸ்பீடு கன்னில் முப்பத்தேழு விழுந்திருந்தது. சட்டம் அனுமதிப்பது இருபத்தைந்து.

செண்பகத்தோப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இறங்கும் ரோட்டில், தென்னந்தோப்பு வளைவு தாண்டியதும் ஜீப்பைக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. நானும் ஜோயலும் ராஜபாளையத்திலிருந்து மின்சார சைக்கிளில் மலையடிவாரம் வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் முன்னால் வந்தேன், மாட்டினேன். கால் கிலோமீட்டர் பின்னால் வந்த ஜோயல் ஜீப்பைப் பார்த்ததும் பிரேக் பிடித்து, நல்ல பிள்ளையாக மெதுவாக வந்து சேர்ந்தான்.

"லைசென்ஸ் எங்க? நம்பர் பிளேட் எங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் முனீஸ்வரி.

"இது சைக்கிள் மேடம். இருநூத்தம்பது வாட் மோட்டாரு. இருபத்தஞ்சத் தொட்டா மோட்டாரு தானா நின்னுரும். லைசென்ஸ், நம்பரு எதுவும் வேண்டாம்னு சட்டத்துலயே இருக்கு."

"நின்னுருச்சுன்னா முப்பத்தேழு எப்பிடி வந்துச்சு? காத்து தள்ளுச்சாக்கும்?"

"எறக்கம் மேடம். கூட, மிதிச்சேன்."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் ரத்தினம் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் என் குரல் கத்தியது: "நாப்பத்தொண்ணு! எவன் வாரான்?"

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட வீடியோதான். மூன்று மாதம் ஆகிவிட்டது.

"இது எப்பிடி உங்ககிட்ட..."

"எம் மச்சான் உன் குரூப்புலதான் இருக்கான்" என்றார் ரத்தினம்.

அந்த வீடியோ பொய்யில்லை. இந்த சைக்கிளில் மோட்டாரை அடக்கி ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து மெல்லிய வெள்ளை வயர் ஒன்று வரும். அதன் இரண்டு முனையும் சொருகியிருந்தால் இருபத்தைந்துக்கு மேல் மோட்டார் தள்ளாது. பிடுங்கிவிட்டால் தள்ளும். எங்கள் பக்கம் சாதா சைக்கிளில் மோட்டார் கிட்டை மாட்டுகிற எல்லாரும் முதல் வாரத்திலேயே அதைப் பிடுங்குவார்கள். நானும் பிடுங்கினேன். அப்போது நூல் மில்லில் இருந்தேன். நைட் ஷிப்ட். நூல் நூற்கும் கதிர்கள் சுற்றும் வேகத்தை அளக்கிற டேக்கோமீட்டரை ஃபிட்டரிடம் இரவல் வாங்கி, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அந்தரத்தில் சுற்றவிட்டு அளந்தேன். நிமிஷத்துக்கு முந்நூற்று முப்பது சுற்று. கணக்குப் போட்டால் நாற்பத்தொன்று. தரையில் ஆள் ஏறி உட்கார்ந்தால் அவ்வளவு வராது. அதை வீடியோவில் சொல்லவில்லை.

அடுத்த வாரமே கான்சாபுரம் வரை போனபோது, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பேட்டரி பாதியில் செத்தது. இருபத்தேழு கிலோ இரும்பை வெயிலில் வீடு வரை மிதித்தேன். அன்றைக்கே வயரைச் சொருகிவிட்டேன். ஆனால் சொருகியதற்கு யாரும் வீடியோ போடுவதில்லை.

"வண்டிய ஸ்டேஷனுக்கு ஏத்துங்க" என்றார் மேடம்.

போன மாதம் பிடித்த நான்கு சைக்கிள்கள் அங்கே மழையிலும் வெயிலிலும் நிற்கின்றன. கோர்ட், அபராதம் எல்லாம் முடிந்து வருவதற்குள் பேட்டரி உப்பிவிடும். மில்லை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. நான்கு வருடம் ராத்திரி முழித்த உடம்பு, இப்போதும் விடியும்போதுதான் படுக்கப் பார்க்கிறது. அப்படிப் படுத்தால் அந்த நாள் போச்சு. ஐந்து மணிக்கு எழுந்து இதில் ஏறினால் மட்டும் நான் மனிதனாக இருக்கிறேன். வேறு பெருமை எதுவும் அதற்கு இல்லை.

"சார், கிட்டோட சர்டிபிகேட் இருக்கு" என்று ஜீப்புக்குள் இருந்தவரைப் பார்த்துச் சொல்லி, சீட்டுக்கடியில் மடித்து வைத்திருந்ததை எடுத்தேன்.

ஜீப்பின் முன் சீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த மோட்டார் வாகன ஆய்வாளர் ஐயாதுரை அதை வாங்கிப் பார்த்தார். "காயிதம் சரியாத்தான் இருக்கு. நீ ஸ்க்ரூடிரைவர வச்ச பொறவு காயிதத்துக்கு என்னல மரியாதி?"

"வயரு சொருகித்தான் சார் இருக்கு. பாருங்க."

"எங்களப் பாத்ததும் சொருகிருப்ப."

"முப்பத்தேழுல வந்துக்கிட்டா சார் சொருகுனேன்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது போலிருந்தது. நான் யோசிக்காமல் குனிந்தேன். சாவியைத் திருப்பி, ஃபிரேமிலிருந்து பேட்டரியை உருவி, மேடத்தின் கையில் கொடுத்தேன். வாங்கியவர் கனம் தாங்காமல் சட்டென்று இரண்டு கையாலும் பிடித்தார்.

"இது இல்லாம மேல செக்போஸ்ட்டுல இருந்து வாரேன். வெறும் காலு. ஸ்பீடு கன்ன பிடிங்க."

"வரலைன்னா?"

"நீங்க ஏத்த வேண்டாம். நானே மிதிச்சு ஸ்டேஷனுல கொண்டாந்து விடுதேன்."

மேடம் ஐயாதுரையைப் பார்த்தார். "ஒரே தடவ" என்றார் அவர். "முப்பத்தஞ்சு தாண்டணும். ரத்தினம், கூடப் போங்க. எடம் மாறிறப் போறான்."

பேட்டரி இல்லாமல் மேட்டில் ஏறுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ரத்தினம் தன் பைக்கில் பக்கத்திலேயே மெதுவாக வந்தார். "தம்பி, பேசாம ஃபைனக் கட்டிருக்கலாம்" என்றார். வனத்துறை செக்போஸ்ட் முன்னால் திரும்பி நின்றேன். கீழே ஜீப் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. முப்பத்தைந்துக்கு மேல் போக, நிமிஷத்துக்குத் தொண்ணூறு மிதி வேண்டும். மூன்று மிதிக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொண்டேன்.

"போ!" என்று ரத்தினம் கத்தினார்.

முதல் நூறு மீட்டர் சைக்கிள் எருமை மாதிரி நகர்ந்தது. மோட்டார் வெறும் சுமையாகத் தொங்கியது. பிறகு இறக்கம் பிடித்தது. செயின் இறுகி ஒரே சத்தமாக ஓடியது. குனிந்து தாடையை ஹேண்டில்பாரில் வைத்தேன். தென்னை மரங்கள் தனித்தனியாக இருந்தவை வேலி மாதிரி ஆயின. தொடை எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன். பின்னால் ரத்தினம், "மிதி தம்பி, மிதி, முப்பத்தொண்ணு! முப்பத்தி நாலு!" என்று தன் பைக் மீட்டரைப் பார்த்துக் கூவிக்கொண்டே வந்தார். அவர் எந்தக் கட்சி என்பதே அவருக்கு மறந்துவிட்டது. வளைவில் மணல் கிடந்தது. பிரேக்கைத் தொட்டால் எல்லாம் போச்சு. தொடவில்லை. பின் சக்கரம் ஒரு முழம் வழுக்கி, திரும்பப் பிடித்தது. கண்ணுக்கு ஜீப் மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் பின்னால் போயிற்று.

இருபதடி தள்ளி நின்று ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

"எம்புட்டு?" என்று திரும்பாமலே கேட்டேன்.

திரும்பினேன். மேடம் கன்னைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொம்பது" என்றார்.

"மோட்டாரோட வந்ததுக்கு மேல ரெண்டுலா!" என்று ரத்தினம் பைக்கில் உட்கார்ந்தபடியே துள்ளினார்.

"பேட்டரிய மாட்டு" என்றார் ஐயாதுரை. "இப்ப சமத்துல. மிதிக்கப்படாது, த்ராட்டில் மட்டும்."

மாட்டினேன். கீழே சமதளத்தில் த்ராட்டிலை முழுக்கத் திருகி இரண்டு தடவை ஓட்டிக் காட்டினேன். இருபத்து நான்கு. இருபத்து நான்கு.

ஐயாதுரை சர்டிபிகேட்டை மடித்து என்னிடம் நீட்டினார். "காலு மேல கேஸ் போட முடியாது மேடம். விட்ருங்க." பிறகு ரோட்டோரம் திரும்பினார். "ஏலே, நீ என்ன பண்ணுத?"

ஜோயல் தன் சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். விரலில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. நான் உயிரைக் கொடுத்து மிதித்த நேரத்தில், எல்லாரும் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் தன் வெள்ளை வயரைச் சொருகி முடித்திருந்தான்.

"ஷூ லேசு கட்டுதேன் சார்."

ஐயாதுரை அவன் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு.

"இனி அது அவுராம இருக்கணும்" என்றார். "வாரவாரம் இங்கதான் இருப்போம்."

ஜோயல் என் கையைப் பிடித்து இழுத்தான். "வாலே, மனசு மாறுறதுக்குள்ள போயிரலாம்."

நான் அசையவில்லை. மண்டைக்குள் ஓடியது முப்பத்தொன்பது மட்டும்தான். மணலில் வழுக்கியது போக முப்பத்தொன்பது. அந்த வீடியோவில் அந்தரத்தில் சுற்றிய நாற்பத்தொன்றுக்கு வெறும் இரண்டுதான் குறைச்சல். பேட்டரியை மறுபடியும் உருவினேன்.

"மேடம், இத செத்த நேரம் பிடிங்க" என்றேன். "இன்னொரு தடவ ஏறி வாரேன்."

"உனக்குக் கிறுக்கா?"

"வளைவுல அந்த மணல மட்டும் யாராச்சும் ஒதுக்குனா நாப்பத்தொண்ணு வரும்."

மேடம் பேட்டரியை இடுப்போடு அணைத்துக்கொண்டு என்னையும் மேட்டையும் பார்த்தார். ரத்தினம் அதற்குள் பைக்கைத் திருப்பி, வளைவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.