கெய்ரோ வரைந்த கொடி

2007இல் சாதிகாவும் பூர்ணிமாவும் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றுக்கு, கோப்பைகளில் ஒட்டும் பூவேலைகளை வரையும் மென்பொருள் எழுதினார்கள். படம் வரைவதற்கென்று முன்பே எழுதி வைக்கப்பட்ட நிரல்தொகுப்புகளான வரைகலை லைப்ரரிகளில் இரண்டைச் சோதித்தார்கள்; இரண்டிலும் படத்தைப் பெரிதாக்கினால் பூங்கொடியின் வளைவு படிக்கட்டுபோல உடைந்தது. மூன்றாவதாகச் சாதிகா கெய்ரோ என்ற லைப்ரரியை இணையத்திலிருந்து இறக்கினாள்.

"பூர்ணி, ஓடி வாடி! பத்து மடங்கு பெருசாக்கிட்டேன், கோடு வழுவழுன்னு இருக்குது!"

"பிரிண்டுக்குப் போவுமா?"

"பி.டி.எஃப்பாவே குடுக்குதுடி!"

"அப்ப இதான்!" என்று பூர்ணிமா மேசையைத் தட்டினாள்.

அன்றே கொடியை அச்சடித்து, கோப்பையில் ஒட்டிச் சூளைக்கு அனுப்பினார்கள். மறுநாள் வெந்து வந்த கோப்பையைப் பட்டறை முதலாளி ஜாபர் அலி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, மயிலு வரையுமா இது?"

சாதிகா அதற்குள் கணினி முன்னால் உட்கார்ந்து மயிலின் கழுத்தை வளைக்கத் தொடங்கியிருந்தாள்.