இன்னும் இரண்டு டோக்கன்

ஜி.எஸ்.டி. ரோட்டுச் சத்தம் உள்ளே வராமலிருக்க சங்கத்துப் பெண் வினிதா ஜன்னல் இரண்டையும் சாத்தினாள். மைக்கில் காற்று இரையும் என்று ஃபேனையும் நிறுத்தினாள். உடனே அறை வேக ஆரம்பித்தது. இரும்புலியூரில் மொபைல் கடைக்கு மேலே இருந்த அந்தத் தொழிற்சங்க அலுவலகத்தில், பழைய நோட்டீஸ் கட்டுகள் மேல் ஏற்றிவைத்த லேப்டாப்புக்கு முன்னால், கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் ஜோவிதா வியர்த்து உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் இரண்டே கால். இன்னும் கால் மணியில் ஐரோப்பாவில் எம்.பி.க்கள் கமிட்டி ஒன்று அவள் சொல்வதைக் கேட்கப் போகிறது. மூன்று நிமிஷம் கொடுத்திருந்தார்கள். அதில் என்ன சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கேட்டதெல்லாம் இன்னும் இரண்டு டோக்கன். தாம்பரத்தில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. அவள் லைனில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போகவேண்டுமென்றால் சூப்பர்வைசர் மேஜையில் தொங்கும் மஞ்சள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்குப் பெயர்தான் டோக்கன். நாற்பது பேருக்கு இரண்டே இரண்டு. போனவள் வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். பக்கத்து மெஷின் தையல்நாயகி, பெரும்பாக்கம் குடியிருப்பிலும் ஜோவிதாவுக்கு அடுத்த வீட்டுக்காரி, அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டாள். ஜோவிதாவுக்குப் பொறுக்கவில்லை. ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கடைக்காரர்கள் கேன்டீன் சுவரில் 'உங்கள் குறையைச் சொல்லுங்கள்' என்று ஒரு போஸ்டர் ஒட்டவைத்திருந்தார்கள். அதுவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்காத போஸ்டர். அதிலிருந்த க்யூ.ஆர். கட்டத்தை போனில் ஸ்கேன் பண்ணி, வாயாலேயே பேசி அனுப்பினாள்.

இரண்டு மாதம் பேச்சு மூச்சில்லை. அப்புறம் வினிதா ஒரு வீடியோ அனுப்பினாள். ஜோவிதா சொன்னது அங்கே செய்தியில் வந்துவிட்டதாம். ஏதோ ஒரு ஊரில் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. செருப்புக் கடை வாசலில் ஐம்பது அறுபது வெள்ளைக்காரர்கள், கோல் ஊன்றிய கிழவர்கள்கூட, கழுத்தில் மஞ்சள் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கடைக்குள் நுழைகிறவர்களிடம், இந்த ஷூவை வாங்காதீர்கள் என்கிறார்கள். ஜோவிதாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதையே மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தாள். கூடப் பிறந்த அண்ணன் அவளுக்காக ரேஷன் கடை க்யூவில்கூட நின்றதில்லை. முகம் தெரியாத ஜனங்கள் பனியில் நிற்கிறார்கள்.

அடுத்த வாரமே ஆர்டர் நின்றது. லைனை மூடினார்கள். நாற்பது பேரும் வீட்டில் உட்கார்ந்து ஐந்து வாரம் ஆகிறது. பனியில் நின்றவர்களைத் திட்ட மனசு வரவில்லை. கம்பெனியைத் திட்டலாம் என்றால் அது மறுபடி கூப்பிடாதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ராத்திரி பகலாக யோசித்தும் யார் பக்கம் தப்பு என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

நேற்று ஹெச்.ஆர். மோகன்ராஜ் போன் பண்ணினார்.

"டோக்கன் முறையையே எடுத்தாச்சுன்னு நாளைக்குக் கமிட்டியில சொல்லிடும்மா. ஆர்டர் வந்தா மொதல்ல உங்க லைனைத்தான் கூப்பிடுவேன்."

"மெய்யாலுமே எடுத்துட்டீங்களா சார்?"

"லைனே ஓடலையேம்மா, டோக்கன் எதுக்கு?"

அது உண்மையா பொய்யா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

காலையில் தையல்நாயகி மாடிப்படியில் மறித்துக்கொண்டாள். ஐந்து வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவள்.

"நான் உன்ன கேக்கச் சொன்னனா? ஒடம்பு என்னுது. அடக்கிகினு கெடந்துட்டுப் போறேன், உனக்கு இன்னா?"

ஜோவிதா விலகி இறங்கினாள். நாலு படி தள்ளி மறுபடியும் குரல் வந்தது. "ஷூவ வாங்கச் சொல்லு ஜோவிதா. எப்படியாச்சும் சொல்லு." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். தையல்நாயகி கெஞ்சினாள்.

"நடந்ததை அப்படியே சொல்லுங்கக்கா," என்றாள் வினிதா, ஹெட்போனை மாட்டிவிட்டபடி. "கம்பெனில நடக்கறது எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லி அந்தக் கடைக்காரங்க இனிமே தப்பிக்க முடியாது. அதுக்குத்தான் அங்க சட்டம் பேசறாங்க."

"வேலை வந்துருமா?"

வினிதா நேராகவே இருந்த லேப்டாப்பை இன்னொரு தடவை நேராக வைத்தாள். "அதையும் கேப்போம்க்கா."

திரையில் ஒரு பெரிய மண்டபம் வந்தது. அரைவட்டமாக நாற்காலிகள், பாதி காலி. காதில் ஒரு பெண் குரல் கேட்டது. "வணக்கம் அக்கா. நீங்கள் கதைக்கிறதை நான் அவையளுக்குச் சொல்லுவன். அவசரப்படாமல் கதையுங்கோ." இலங்கைத் தமிழ். இந்தப் பெண் எப்போது, எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாளோ. அவ்வளவு தூரத்திலிருந்து தமிழ் கேட்டதில் ஜோவிதாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த நரைத்த தலை அம்மாள் ஏதோ நீளமாகப் பேசினாள்.

"இந்தச் சப்பாத்துகளைத் தங்கட நாடுகளுக்குள்ள விடுறதோ, நிப்பாட்டுறதோ எண்டு அவையள் முடிவெடுக்க வேணுமாம். நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு கேக்கிறா."

சப்பாத்து என்றால் ஷூ என்று ஜோவிதாவுக்குப் பிடிபடுவதற்குள் திரை மூலையில் மூன்று நிமிஷம் குறைய ஆரம்பித்தது. ஜோவிதா மஞ்சள் அட்டையைப் பற்றிச் சொன்னாள். நீர்க்கடுப்பைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னாள். லைன் மூடினதைச் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வினிதா உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

"பனியில நின்னவங்களுக்கு எங்க கும்பிடு சொல்லிடுங்க," என்றாள் ஜோவிதா. "ஆனா நீங்க வாங்குனா நாங்க அடக்கிகினு ஒக்காரணும். வாங்கலைன்னா வூட்ல ஒக்காரணும். ரெண்டுல எது வோணும்னு என்னாண்ட கேக்குறீங்க. எனக்குத் தெரிலீங்க. வேலையும் குட்த்து, ஒண்ணுக்குப் போவவும் வுட்றதுக்கு இன்னா வழின்னு நீங்க சொல்லுங்க. நான் போயி எங்க லைன்ல சொல்லணும்."

காதில் அந்தப் பெண் குரல் வேறு பாஷைக்கு மாறி, நடுவில் ஒரு தடவை நின்று, திரும்பத் தொடர்ந்து முடிந்தது. மண்டபத்தில் தலைகள் நிமிர்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக எதிரிலிருந்த காகிதத்தின் மேல் குனிந்தன. நரைத்த தலை அம்மாள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள், பேசாமல் கையை எடுத்துவிட்டாள். ஜோவிதா ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் நேரம் இன்னும் முடியவில்லை. மூலையில் நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது என்று ஓடிக்கொண்டிருந்தது.