ஓடைக்கு அக்கரைக் கரண்டு

ஞானபாயைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் இரைச்சல் நின்றதும், பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்களும் நிறுத்திவிட்டார்கள். பட்டப்பகல் பன்னிரண்டு மணி. எங்கோ ரப்பர் கிளை ஒடிந்து கம்பியில் விழுந்திருக்கும். இந்த மலையடிவாரத்தில் அது புதிதில்லை. கரண்டு வர நாளை மத்தியானம் ஆகிவிடும் என்றார்கள் மின்வாரியத்தில், போனில். ஜெனரேட்டர் தேடிக் கருங்கலுக்குப் போனவர்கள், எல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டதென்று வெறுங்கையோடு வந்தார்கள். மகன் பெனிஷ் மஸ்கட்டிலிருந்து நாளைக் காலையில்தான் வருவான். அதுவரை அவன் அம்மையின் முகம் கெடாமல் இருக்க வேண்டும்.

ஞானபாயின் புருஷன் ரசலையன் முற்றத்தில் வந்து நின்றார். ஓடைக்கு அந்தப் பக்கம் கேரளா. அந்த ஊர்க் கரண்டு வேறு லைன். அங்கே ஒரு வீட்டு வராந்தாவில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. செத்துக்கிடக்கிற ஞானபாயின் தம்பி சத்தியராஜ் வீடு. எட்டு மூடு ரப்பர் மரத்துக்காக வந்த தகராறில் இரண்டு வீட்டுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. அவன் வீட்டுப் பச்சைத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்று சபையார் முன்னால் சொன்னவர் ரசலையன். நேற்று அக்காள் சாவுக்கு வந்தவனுக்கும் முகம் கொடுக்கவில்லை. அவன் முற்றத்து ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போனான்.

ஞானபாய்க்கு மூச்சுமுட்டி ஆக்சிஜன் மெஷின் வாங்கிய பிறகு, கரண்டு போனால் சிலிண்டர், சிலிண்டரும் தீர்ந்தால் கைவிசிறி என்றாயிற்று.

"தம்பிக்கிட்ட ஒரு வயரு கேட்டா என்னவாம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டார். நேற்று விடியற்காலம் கரண்டும் இல்லை, சிலிண்டரும் காலி. விசிறிய கை இன்னும் வலிக்கிறது.

ரசலையன் ஓடையில் இறங்கி அக்கரை ஏறினார்.

"சத்தியராஜா, கொஞ்சம் கரண்டு வேணும்டே. பெனிஷு வரணும்லா."

அவன் உள்ளே போய் ஒரு வயர்ச் சுருளைத் தூக்கிவந்தான். ஒரு முனையில் பிளக், மறுமுனையில் சாக்கெட். கட்டுப் பிரிக்கவில்லை, மேலெல்லாம் தூசி.

"மெஷின் வந்தப்பளே அளந்து வாங்கினேன் அத்தான். நீங்க வந்து கேப்பீங்கன்னு இருந்தேன்."

ரசலையனுக்கு அந்த வாசலிலேயே விழுந்து அழ வேண்டும்போல் இருந்தது. சாக்கெட் முனையை நனையாமல் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டினார். வயர், ஞானபாய் மூச்சுமுட்டிப் படுத்துக்கிடந்த அறையின் சன்னல் வரை சரியாக எட்டியது. பெட்டி இருந்த முன்னறைக்குப் போதவில்லை.

நாலு பேர் பெட்டியைத் தூக்கி, அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.