பெரிய பள்ளத்தில் ஓடிய பெல்ட்

அன்னவாசலுக்குத் தெற்கே ஆவுடையப்பனின் கிணற்றை ஆழப்படுத்தும் வேலை. எழுபது அடி ஆழத்தில் பாறையைத் துளைத்து, வெடிமருந்தைக் கெட்டித்து, திரிக்குத் தீ வைக்கத் தயாராக நின்றான் முத்துராமன். மேலே கிரேன் மோட்டாருக்குப் பக்கத்தில் அவன் மனைவி கலைமதி. திரி எரிந்து முடிய மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் அவள் அவனை வாளியோடு மேலே இழுத்துவிட வேண்டும். ஒன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. ஒன்பது வருடமாக ஒவ்வொரு வெடிக்கும், அவன் மேலே வரும்வரை பயந்து பயந்து நொடிகளை எண்ணுவாள். போகப் போகப் பழகிவிடும் என்று சொன்ன புண்ணியவான்கள் யாரும் அந்த மேட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

மோட்டாரின் புல்லிச் சக்கரத்தில் பெல்ட் ஓட இரண்டு பள்ளம். பெல்ட்டைச் சின்னதில் மாட்டினால் வாளி மேலே வர ஒன்றரை நிமிடம். பெரியதில் மாட்டினால் முக்கால் நிமிடம். கல்லோ ஆளோ, எதை ஏற்றினாலும் சின்னதில்தான் ஓட்ட வேண்டும் என்பது முத்துராமனின் கண்டிப்பு. ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்தை அவளால் தாங்க முடியவில்லை. மூன்று நாளாக, அவனுக்குத் தெரியாமல், வெடி வைக்கும் நேரத்தில் மட்டும் பெல்ட்டைப் பெரிய பள்ளத்துக்கு மாற்றிவிடுகிறாள். வாளி விறுவிறுவென்று வந்தது. அவளுக்குப் போன உயிரும் திரும்பி வந்தது.

அந்த மூன்று நாளும் முத்துராமன் ஒருவன்தான் வாளியில் வந்தான். இன்று கூட்டாளி மதுரைவீரனும் கீழே இருந்தான். துளை போடும் மிஷினும் வாளியில் ஏறியது. பயத்தில் இருந்தவளுக்குப் பாரம் நினைவுக்கு வரவில்லை; இன்றும் பெல்ட்டைப் பெரிய பள்ளத்துக்கே மாற்றியிருந்தாள்.

"வச்சாச்சு! இழு!"

ஸ்டார்ட்டரை அழுத்தி, வழக்கம்போல மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். முப்பத்தைந்து எண்ணும்போது மோட்டாரின் சத்தம் மாறியது. தோட்டங்களுக்கு மூன்று பேஸ் கரண்ட் வந்த நேரம். சுற்றுவட்டாரத்தில் அத்தனை பேரும் மோட்டாரைப் போட்டதில் வோல்டேஜ் இறங்கிவிட்டது. மோட்டார் முனகியது, பெல்ட் வழுக்கிக் கருகிய நாற்றம் வந்தது. இன்னும் முப்பது அடி இருக்க, வாளி நின்றுவிட்டது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள்.

"ஆத்தா, ஸ்விட்சை விட்றாத! அமுக்கு, அமுக்கு!" என்று பக்கத்தில் நின்ற ஆவுடையப்பன் கத்தினார்.

அவளுக்கும் அமுக்கத்தான் கை போனது. புருஷன் அந்தரத்தில் தொங்கும்போது மோட்டாரை நிறுத்த எவளுக்கு மனம் வரும்? ஆனால் அவசரம் மனுஷருக்குத்தானே, மோட்டாருக்கு என்ன வந்தது? எந்தப் பள்ளத்தில் ஓட்டினாலும் பாரமும் அதேதான், ஏற வேண்டிய உயரமும் அதேதான். அந்த வேலையைப் பாதி நேரத்தில் முடி என்றால் அது இரண்டு பங்கு சக்தியைக் கொட்ட வேண்டும். கரண்டே இளைத்துக் கிடக்கும்போது அது எங்கே போகும்? மெதுவாகப் போனால்தான் இழுக்கும். அவள் மோட்டாரை அணைத்தாள்.

"அய்யா, இந்த பிரேக்குல ஏறி நில்லுங்க! காலை எடுத்தீங்கன்னா ரெண்டு பேரும் கீழ போயிருவாங்க!"

"மதி! என்னாச்சு?" என்று முத்துராமனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அக்கா! அக்கா!" என்று மதுரைவீரன் அழுதான். பெல்ட் தளரும்படி முழங்காலால் மோட்டாரை நெம்பித் தூக்கி, சுட்டெரித்த பெல்ட்டைப் பிடுங்கிச் சின்ன பள்ளத்தில் திணித்தாள். உள்ளங்கைத் தோல் பெல்ட்டோடு போனது. எண்ணிக்கை தொண்ணூறு. பெல்ட் ஒரு முறை வழுக்கியது. நூறு.

மறுபடி ஸ்டார்ட்டர். ஆவுடையப்பன் மெல்லப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். மோட்டார் ஒரு கணம் முக்கியது. பிறகு சுற்றியது. கயிறு அங்குலம் அங்குலமாக ஏறியது. நூற்றிருபது. நூற்று முப்பது. தலைகள் தெரிந்தன. இன்னும் அரை நிமிடத்துக்கு மேல் இருக்கிறது என்று அவள் மூச்சு விட்டாள். அவர்கள் இறங்கியதும் நால்வரும் கற்குவியலுக்குப் பின்னால் ஓடி விழுந்தார்கள்.

நூற்று ஐம்பது எண்ணவில்லை, கிணறு வெடித்தது. கல் மழை அவர்கள் தலைக்கு மேலே பறந்து போய்த் தோட்டத்தில் விழுந்தது.

புழுதி அடங்கியதும் எழுந்தார்கள். "எல்லாப் பயலும் ஒண்ணா மோட்டாரைப் போட்டா வோல்டேஜ் எங்கிட்டு நிக்கும்?" என்று ஆவுடையப்பன்தான் ஊரைத் திட்டினார். கலைமதி பேசாமல் இருந்திருந்தால் பழி கரண்டோடு போயிருக்கும்.

"கரண்ட் மட்டும் இல்லைங்க. நாந்தான் பெல்ட்டைப் பெரிசுல போட்டேன். மூணு நாளா. நீங்க சீக்கிரம் மேல வரணும்னு…" சொல்லும்போதுதான் இன்னொன்று உறைத்தது. "ஆனா மூணு நிமிசம் ஆகலையே. நான் எண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன்?"

முத்துராமன் அவளுடைய வெந்த கையைப் பார்த்தான்.

"வாளி இப்பல்லாம் வெரசா வருதே, மேல ஒக்காந்து நீ எண்ணி எண்ணிச் சாகுற நேரமாச்சும் கொறையட்டும்னு, இன்னைக்குத் திரிய ஒரு சாண் கம்மியா வெட்டுனேன் புள்ள."

கலைமதி அந்தக் கையாலேயே அவன் நெஞ்சில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு கையை எடுக்கவில்லை.