பூட்டு உடையாத வீடு

ரத்தப் பையை நான் வேண்டுமென்று கீழே போடவில்லை. ஃபிரிட்ஜ் கதவை முழங்கையால் திறந்தபோது ஒரு கையில் பை, மறு கையில் பாதி கடித்த பிஸ்கட். எதைக் காப்பாற்றுவது என்று கை தானாக முடிவெடுத்தது. பிஸ்கட் பிழைத்தது. பை தரையில் விழுந்து பிளந்தது. அதன்மேல் நானும் வழுக்கி உட்கார்ந்தேன். பிராணிகள் மருத்துவமனையில் பதினொரு வருட அனுபவம் உள்ள உதவியாளன் அப்படித்தான் உட்காருவான்.

அடுத்த அறையில் பூட்டுக்காரரின் நாய் எலிமருந்தைத் தின்றுவிட்டு, ஈறு வெளுத்துக் கிடந்தது. அதன் பெயர் சாவி. உடனே ரத்தம் ஏற்றாவிட்டால் போய்விடும். இருந்ததோ அந்த ஒரே பை. கிருமி இல்லையென்று சோதித்துச் சீட்டு ஒட்டிய பை. டாக்டரம்மா உள்ளே ஒரு பூனையின் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் படுத்திருந்த என் சொந்த நாயைக் கூப்பிட்டேன். அதற்கு முதலாளி என்று பெயர். வேலை எதுவும் செய்யாது, எல்லோரையும் முறைக்கும். அதன் கழுத்திலிருந்து ஒரு பை ரத்தம் எடுத்து, உடைந்த பையின் சீட்டை உரித்துப் புதியதில் ஒட்டினேன். ஃபிரிட்ஜ் ரத்தத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சூடேற்றித்தான் ஏற்றுவோம். இது சூடாகவே இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாவி எழுந்து உட்கார்ந்தது. பூட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், காரணம்தான் வேறு.

பன்னிரண்டாம் நாள் சாவி திரும்பி வந்தது. உடம்பு கொதித்தது. சிறுநீர் பால் விடாத காபி நிறம்.

"பிழைக்குமாம்மா?" என்றேன்.

"பார்க்கலாம்."

டாக்டரம்மாவிடம் நேரான பதில் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

"என் பிள்ளைக்கு என்னம்மா ஆச்சு?" என்றார் பூட்டுக்காரர்.

"சிவப்பணு எல்லாம் உடையுது."

"யாரு உடைக்கிறா?"

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, உடம்பே தன் ரத்தத்தை எதிரின்னு நினைச்சு அடிக்கும். இன்னொண்ணு, ரத்தத்துல வாழுற ஒட்டுண்ணி. ஒத்தை செல்தான், ஆனா எமகாதகன். உண்ணி கடிச்சு வரும், இல்ல ஏத்துற ரத்தத்துல வரும். இவன் உடம்புல உண்ணியே இல்ல. பை சோதிச்ச பை. ஸ்லைடுலயும் ஒண்ணும் தெரியல, ஆனா கொஞ்சமா இருந்தா கண்ணுக்குத் தப்பிடும்."

"அது எப்படிம்மா உள்ள போகும்? ஓட்டை போட்டா?"

அந்தக் கேள்வி டாக்டரம்மாவுக்குப் பிடித்துவிட்டது. ஒரு ரப்பர் கையுறையை ஊதி முடிச்சுப் போட்டு, அதில் விரலை வைத்தார்.

"இதுதான் சிவப்பணு. என் விரல்தான் ஒட்டுண்ணி. அது முதல்ல வந்து மேல ஒட்டும். உருண்டு, தன்னோட கூர்முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கும். கெட்டியா பிடிச்சுக்கிட்டு, இப்படி உள்ள தள்ளும். பாருங்க, ரப்பர் கிழியல, விரலைச் சுத்தி மடியுது. முழுசா உள்ள போனதும் வாசல் மூடிக்கும். வெளியில காவல் சுத்துற வெள்ளையணுவுக்கு வீடு வீடாத்தான் தெரியும். இது உள்ளயே தின்னு, ரெண்டாப் பிரிஞ்சு, சுவரை உடைச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்."

பூட்டுக்காரர் கையுறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பது வருஷமா பூட்டு பாக்கறேன். பூட்டு உடையாம திருடு போனா, அது வீட்டு ஆளு வேலைதாம்மா." சொன்னது டாக்டரம்மாவிடம், பார்த்தது என்னை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"தம்பி, அன்னிக்கு உங்க கால்சட்டை பின்னாடி ஏன் அவ்வளவு ரத்தம்?"

"அது... பூனை ரத்தம்ணே."

"பூனை அடுத்த ரூம்லல்ல இருந்துச்சு?"

"சின்னப் பூனைண்ணே," என்றேன். இதற்கு என்ன பொருள் என்று எனக்கே இன்றுவரை தெரியாது.

நழுவி வாசலுக்குப் போனேன். முதலாளி வெயிலில் மல்லாந்து கிடந்தது. "டேய், உண்மையைச் சொல்லு. உள்ள யாராச்சும் இருக்காங்களா?" வாலை இரண்டு தடவை ஆட்டியது. போன மழைக்காலத்தில் அது நான்கு நாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மருந்தில்லாமலே எழுந்துவிட்டது என்று ஊரெல்லாம் பெருமையடித்திருந்தேன். வெளியே தெரியாமல் ஒட்டுண்ணியைச் சுமக்கிற நாய்கள் உண்டு.

"எதிர்ப்பு சக்தியை அடக்குற ஊசியை எடு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பை சுத்தமான பை. அப்போ உடம்பேதான் தன்னை அடிச்சுக்குது."

அந்த ஊசியை எனக்குத் தெரியும். உடம்பின் காவல்காரர்களைக் கட்டிப்போடும். வீட்டுக்குள் திருடன் இருக்கும்போது காவல்காரனைக் கட்டிப்போட்டால்?

மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு போனேன். பூட்டுக்காரர் சாவியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அது என்னைக் கண்டதும் வாலைத் தூக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டது.

"அம்மா, ஏத்தினது அந்தப் பை இல்ல."

பிஸ்கட்டில் தொடங்கிச் சீட்டுவரை சொன்னேன். டாக்டரம்மா சிரிஞ்சைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. முதலாளியின் காது நுனியில் ஒரு சொட்டும், சாவியின் காதில் ஒரு சொட்டும் எடுத்துச் சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். அரை மணி நேரம் நிமிரவில்லை.

"வந்து பாரு."

பார்த்தேன். வட்ட வட்டமாய் சிவப்பணுக்கள். ஒன்றுக்குள் மட்டும் குட்டி மோதிரம்போல் ஊதா நிறத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்லைடை மாற்றினார். சாவியின் ரத்தத்திலும் அவன் தம்பிகள் இரண்டு பேர்.

"நான் அப்பவே நினைச்சேன் தம்பி," என்றார் பூட்டுக்காரர்.

"என்னையாண்ணே சந்தேகப்பட்டீங்க?"

"உங்க கால்சட்டையை."

டாக்டரம்மா வேறு மருந்தைத் தேடி அலமாரியைத் திறந்தார்.

"என்னை வேலையை விட்டு அனுப்பிடுவீங்களாம்மா?"

"பார்க்கலாம்."

"சாவி பிழைக்குமா?"

மருந்துக் குப்பியுடன் திரும்பி, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"பிழைக்கும். நீ நாளைக்குச் சொல்லியிருந்தா, செத்திருக்கும்."