கொக்கும் உடும்பும் ஒரு பலகையும்

ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். கொத்தனார் வெங்கடாசலம், இருதயராஜுக்குத் தரவேண்டிய கடன் அது. சிலிண்டருக்கு வாங்கியது ஆயிரம், மகளின் பள்ளிக்கூட ஷூவுக்கு அறுநூற்று ஐம்பது, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கிய அன்று தின்ற பரோட்டாவும் ஆம்லெட்டும் தொண்ணூறு.

இருதயராஜ் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறவன் இல்லை. சென்டரிங் வேலைக்காரன். கூரைக்குக் கான்கிரீட் கொட்டுமுன் கீழே முட்டுக் கொடுத்துப் பலகை அடிப்பது அவன் தொழில். அதனால் கடனையும் பலகையிலேயே எழுதினான். கரித்துண்டால், கொட்டை எழுத்தில்: வெங்கி 1740. அந்தப் பலகையை மட்டும் அவன் கூரைக்கு அடிப்பதில்லை. மத்தியானச் சோற்றுக்கு உட்கார வைத்துக்கொண்டான். திண்டிவனத்தில் ஒரு வீடு முடிந்தால் விழுப்புரம், அங்கே முடிந்தால் வானூர் என்று பலகை போன ஊருக்கெல்லாம் கடனும் வேனில் ஏறிப் போனது. புதிதாக வேலைக்கு வருகிற சித்தாள் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றி, அடுத்துக் கேட்பது யார் இந்த வெங்கி என்று.

வெங்கடாசலம் கொடுக்காத ஆளில்லை. இரண்டு மாதம் கழித்து எழுநூறு ரூபாயை எண்ணிக்கொண்டு போய் நீட்டினான். இருதயராஜ் அதை மடித்து வெங்கடாசலத்தின் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினான்.

"காசு வேணாம்யா. உடும்புதான் பெரிய ஆட்டக்காரன்னு எல்லார் முன்னாடியும் ஒரு தபா சொல்லு. பலகைய அழிச்சிடறேன்."

வெங்கடாசலம் சொல்லவில்லை. பலகை அழியவில்லை.

உடும்பு என்பவன் விழுப்புரத்துக் கபடிக் குழுவின் கேட்சர் மாரியப்பன். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தான் என்றால் பிடித்ததுதான். சுவரில் ஏறுகிற திருடன் கயிறு கட்டி விடுகிற உடும்பு கூட ஒருவேளை நழுவும், இவன் நழுவ மாட்டான் என்பது இருதயராஜின் கட்சி. வெங்கடாசலத்தின் ஆள் கொக்கு. திண்டிவனம் குழுவில் பாடிப்போகிறவன், இயற்பெயர் இனியவன். இடுப்பிலிருந்து காலா, காலிலிருந்து இடுப்பா என்று சொல்ல முடியாத உயரம். ஒற்றைக்காலில் நின்றபடி மற்றக் காலை நீட்டி, மூலையில் நிற்பவனைத் தொட்டுவிட்டு வருவான்.

கொக்குக்கு ஒன்றே மதி, காலை நீட்டுவதைத் தவிர வேறென்ன தெரியும் என்பான் இருதயராஜ். வயலில் போகிற உடும்பைச் சுட்டுத் தின்பார்கள், கொக்கைக் கும்பிடுவார்கள் என்பான் வெங்கடாசலம். கொக்கைக் கும்பிடுகிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. கலவை போடும்போது பேச்சு, செங்கல் அடுக்கும்போது பேச்சு. ஒருமுறை கான்கிரீட் சட்டி கை மாறுகிற வரிசையில் இவர்கள் இரண்டு பேரும் நின்று பேச, அந்தப் பக்கம் இருபது சட்டி நின்றுபோய், மேஸ்திரி இருவரின் பரம்பரையையும் மூன்று தலைமுறைக்கு வைதார்.

சித்தாள் ஆரோக்கியசெல்வி ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டாள். "ஒருத்தன் தொட்டுட்டு ஓடறவன், ஒருத்தன் புடிச்சிக்கினு படுக்கறவன். கரண்டி பெருசா தூக்குக்குண்டு பெருசான்னா இன்னாய்யா சொல்றது?"

பொம்பளைக்குக் கபடி தெரியாது என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். ஆரோக்கியசெல்வி பள்ளிக்கூடக் காலத்தில் மாவட்ட அளவில் கபடி ஆடியவள். அதை அவள் அப்போது சொல்லவில்லை. சட்டியை மட்டும் கொஞ்சம் வேகமாகத் தூக்கிப் போட்டாள்.

தை மாதம் கொக்குக்குக் கல்யாணம் ஆனது. பெண் விழுப்புரம். மாமனாருக்கு அங்கே ஹாலோ பிளாக் கல் அடிக்கிற பட்டறை இருந்தது, ஆண் வாரிசு இல்லை. கொக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனான். மறுமாதம் விழுப்புரம் குழுவின் பனியனில் அவன் படம் வாட்ஸ்அப்பில் வந்தது, பக்கத்தில் தோளில் கை போட்டபடி உடும்பு.

இருதயராஜ் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வெங்கடாசலத்தின் மூக்குக்கு நேராகப் பிடித்தான். "உங்க ஆள நாங்க கட்டிக்கினோம். சீர்வரிசையோட வந்து எறங்கிட்டான். இனிமே உனுக்கு யார்யா இருக்காங்க? சொல்லிட்டுப் போ."

"வாக்கப்பட்டுப் போனா காலு குட்டையாய்டுமா?" என்றான் வெங்கடாசலம்.

அதோடு அவன் பாடு பேஜாராகிப் போனது. விழுப்புரத்தில் அவன் திண்டிவனத்தான். திண்டிவனத்திலோ கொக்கின் பெயரை எடுத்தாலே காறித் துப்பினார்கள். விடியற்காலை பாசஞ்சர் பிடிக்கப் போகிற இடத்தில், டீக்கடை பெஞ்சில் அவனுக்கு நகர்ந்து உட்காருகிறவர் இல்லாமல் போயிற்று. துரோகிக்குக் கொடி பிடிக்கிறவன் நின்றுகொண்டே குடிக்கட்டும் என்று விட்டார்கள்.

வீட்டில் தையல்நாயகி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "ஒரு வார்த்தைக்கு ஆயிரத்து எழுநூத்தி நாப்பது ரூபா. ரெண்டு நாளு நீ செவுத்துல தொங்கினாத்தான் அந்தக் காசு வரும். சொல்லித் தொலச்சா இன்னா?"

வெங்கடாசலம் சோற்றைப் பிசைந்தான். யோசித்துப் பார்த்தால், ஆயுசு முழுக்க அவன் சரிங்க என்று சொல்லியே வந்திருக்கிறான். என்ஜினீயர் அளவைக் குறைத்து எழுதினால் சரிங்க. மேஸ்திரி முழுநாளை அரைநாள் ஆக்கினால் சரிங்க. வீட்டுக்காரர், கட்டி முடித்த சுவரை இந்தப் பக்கம் இரண்டடி தள்ளி வை என்றால் சரிங்க. கொக்கு விஷயத்தில்தான் அவன் இல்லை என்று சொல்லியிருக்கிறான். அதையும் விற்றுவிட்டால் அப்புறம் அவனிடம் கரண்டிதான் மிச்சம். இதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? ரசம் ஊற்று என்றான்.

மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விக்கிரவாண்டியில் போட்டி. சாயங்கால வெயிலில் இறுதி ஆட்டம், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும். வேலை செட்டு மொத்தமும் போயிருந்தது. வெங்கடாசலத்துக்குத் திண்டிவனம் ஜெயிக்க வேண்டும், கொக்கு எல்லாப் புள்ளியும் எடுக்க வேண்டும். இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியும் கையில் வாங்காது. அவனுக்கு அந்தப் பக்கம் இருதயராஜ், இந்தப் பக்கம் ஆரோக்கியசெல்வி, அவள் மடியில் அவித்த வேர்க்கடலை, அவர்கள் பாஷையில் மல்லாட்டை.

இரண்டு நிமிடம் இருக்கையில் இரண்டு பக்கமும் இருபத்தெட்டு. திண்டிவனத்துப் பையன் ஒருவன் பாடிக்கொண்டு வந்தான். உடும்பு பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். அவன் பிடித்தான் என்ற தைரியத்தில் இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். பையன் விழுந்தவன், தரையோடு தரையாகக் கையை நீட்டினான். அவன் நடுவிரல் நடுக்கோட்டில் பட்டது. பிடித்த மூன்று பேரும் அவுட். முப்பத்தொன்று. உடும்பு வெளியே வந்து உட்காரும்வரை, இன்னும் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறவன் போலவே விரலை மடக்கி வைத்திருந்தான்.

உடும்பாம் உடும்பு, பல்லி என்றான் இருதயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைசிப் பாட்டு கொக்குக்கு. உள்ளே போனான். இடது மூலையில் காலை நீட்டி ஒருவன், அதே காலைத் திருப்பி இன்னொருவன், குனிந்து கையால் ஒருவன். நான்காவது ஆள் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். கொக்கு அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டின் மேல் விழுந்தான். நான்கு புள்ளி. முப்பத்திரண்டு.

இருதயராஜ் நாற்காலி மேல் ஏறி நின்றான். லுங்கி ஒரு பக்கம் அவிழ்வதையும் பார்க்கவில்லை.

"கொக்குடா. அவனுக்கு மேல எவன்டா இருக்கான்? உடும்புலாம் அவன் கால் தூசு."

ஆரோக்கியசெல்வி ஒரு மல்லாட்டையை உடைத்தாள். "இருதயண்ணே, இன்னொரு தபா சொல்லுங்க. கொத்தனாருக்குச் சரியாக் கேக்கல."

இருதயராஜ் லுங்கியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினான். வெங்கடாசலம் அவனைப் பார்க்கவில்லை. அவன் ஊர் தோற்றிருந்தது, திண்டிவனத்துப் பையன்கள் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆரோக்கியசெல்வியிடம் கை நீட்டி ஒரு பிடி மல்லாட்டை வாங்கிக்கொண்டான்.

மறுநாள், விழுப்புரத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் பஞ்சாயத்து. நான் கேட்டது வெங்கடாசலம் சொல்லணும்னு, நான் சொன்னது கணக்கில் வராது என்று இருதயராஜ் வாதாடிப் பார்த்தான். ஒரு வருஷமா விலைக்குக் கேட்ட பேச்சை நீயே ஓசியில் எதிராளிக்குக் கொடுத்துட்ட, கடன் தீந்துச்சு என்று தீர்ப்புச் சொன்னாள் ஆரோக்கியசெல்வி. தான் மாவட்டத்துக்கு ஆடிய சங்கதியையும் அன்றைக்குத்தான் எடுத்து விட்டாள். அதற்கப்புறம் மேல்முறையீடு இல்லை.

இருதயராஜ் அந்தப் பலகையை எடுத்தான். எழுத்து மேலே தெரியும்படி கூரைக்கு வைத்து நான்கு ஆணி அடித்தான். பிற்பகல் அதன் மேல் கான்கிரீட் விழுந்தது.

மூன்று வாரம் கழித்துப் பலகை பிரித்தார்கள். கரி கான்கிரீட்டில் ஒட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி, வெங்கியும் ஆயிரத்து எழுநூற்று நாற்பதும் கூரையில் இருந்தன. அது பூஜை அறை. என்ன எழுத்து அது என்று கேட்ட வீட்டுக்காரரிடம், மந்திரம் என்றான் இருதயராஜ்.

கூரைப் பூச்சு வெங்கடாசலத்தின் வேலை. சாரத்தில் ஏறி அண்ணாந்து நின்று கரண்டியில் கலவையை அள்ளினான். கீழே இருதயராஜ் நின்றுகொண்டிருந்தான்.

"கடன்தான் போச்சே. இப்ப சும்மா சொல்லேன்யா. உடும்பும் நல்லாத்தான ஆடறான்?"

வெங்கடாசலம் கலவையைத் தன் பெயர் மேல் வீசி அப்பினான்.

"நல்லாத்தான் ஆடறான்" என்றான். "கொக்குக்கு அப்பறம்."

மட்டப்பலகையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தான்.